நாய் கட்டிக் கிடந்தால் போதுமா?

கேள்வி: உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ராமேஸ்வரம் சாலை கூப்பிடு தூரம். மகன் ஆசைப்பட்டான் என்று சென்ற ஆண்டு ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினோம். அவன் பத்தாம் வகுப்பு. இரவு வெகுநேரம் படிக்கிறான். 71 வயதாகும் என் அப்பாவுக்குத் தூக்கம் வராது என்பதால், விடிகாலையில் அவரே நாயை நடத்திக் கூட்டிவந்துவிடுவார். நாங்கள் எழும்போது நாய் கட்டிக் கிடக்கும். கார்த்திகை பிறந்துவிட்டது, இருட்டும் மழையுமாக இருக்கிறது. நாய்க்கு இருட்டில் மின்னும் கழுத்துப்பட்டை வாங்கலாம் என்று பார்க்கிறேன். எது நல்லது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பட்டை எதுவாக இருந்தாலும் சரி, வாங்கிக்கொள்ளுங்கள். என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. “நாங்கள் எழும்போது நாய் கட்டிக் கிடக்கும்.”

அப்படியானால் அப்பா எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்தப் பக்கம் போகிறார், கையில் டார்ச் இருக்கிறதா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அவர் பத்திரமாகத் திரும்பினார் என்பதற்கு உங்கள் வீட்டில் உள்ள ஒரே சாட்சி அந்த நாய்தான். ஒருநாள் ஆறரை மணிக்கு நீங்கள் எழுந்து வந்து பார்க்கையில் நாய் அங்கே இல்லையென்றால்? அவர் விழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கலாம் தம்பி.

அப்பாவுக்குத் தூக்கம் வராது, அம்மாவுக்குப் பசிக்காது. இந்த இரண்டையும் எத்தனை கடிதங்களில் படித்திருப்பேன்! எழுந்து செய்ய யாருக்கும் மனமில்லாத வேலை ஒன்று வீட்டில் இருந்தால், அந்த வீட்டுப் பெரியவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. நாய்க்கு வெளிச்சம் தேடிய உங்களுக்கு, கயிற்றின் இந்த முனையைப் பிடித்திருப்பவர் நினைவுக்கு வரவில்லையே.

அந்தச் சாலையை இந்த மாதங்களில் விடிகாலை ஐந்து மணிக்கு நீங்கள் பார்த்ததுண்டா? சபரிமலைக்குப் போய்விட்டு ராமேஸ்வரம் வரும் வேன்களும் பஸ்களும் வரிசை கட்டி வரும். விடியலில் அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட வேண்டும் என்ற அவசரம் உள்ளே இருப்பவர்களுக்கு. இரவு முழுக்கக் கண்விழித்த அசதி ஓட்டுபவருக்கு. எதிர்த்திசையில் மீன் ஏற்றிய வண்டிகள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றாலே ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பனிக்காகப் பழுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திய ஒரு முதியவர் அந்த ஓட்டுநர் கண்ணில் எப்போது படுவார்? மார்கழியில் இங்கே சூரியன் உதிக்கவே ஆறேகால் தாண்டிவிடும். தை பிறந்தால் ஆறரை.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். எதிரே ஒரு பூனை ஓடினால் போதும், பாய்ந்துவிடும். வயதானவர்கள் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள், நழுவாது என்று. நாய் பாய்ந்தால் ஆளையும் சேர்த்து இழுத்துப் போடுவது அந்தச் சுற்றுதான். கயிறு உள்ளங்கையில் மட்டும் இருக்கட்டும்.

பெரிய சாலையை விட்டுவிடுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் வலது ஓரமாக, வண்டிகளுக்கு எதிர்முகமாக நடக்க வேண்டும். நாய் வலது கைப்பக்கம், சாலையைவிட்டு விலகி வரட்டும். வெள்ளைச் சட்டை போர்வைக்கு மேலே தெரிய வேண்டும், உள்ளே அல்ல.

உட்புறத் தெருவில் வண்டி இல்லை, பாம்பு உண்டு. மழைநீர் வளைக்குள் புகுந்தால் பாம்பு மேட்டுக்கு வரும்; சீமைக் கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைக்காமல் எந்த நாயும் நடப்பதில்லை. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் பக்கத்தில் புதியவையா என்ன? டார்ச் வெளிச்சம் காலடியில் விழ வேண்டும். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். நேராக அரசு மருத்துவமனை. வழியில் மந்திரிப்பதற்கு நிற்க வேண்டாம். தெருநாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. உங்கள் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இத்தனைக்கும் நாயை ஐந்து மணிக்குத்தான் நடத்த வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஆறரைக்குப் பழக்கினால் சில நாட்களில் அது பழகிக்கொள்ளும். ஆசைப்பட்டவன் மகன். காலையில் அரை மணி நேரம் நாயோடு நடந்தால் பத்தாம் வகுப்பு பாழாகிவிடாது. தாத்தா விழித்துக் காத்திருக்க, பேரன் தூங்கி எழுந்து படிக்கும் படிப்பில் எனக்கு மதிப்பில்லை. கோபம் வந்தால் வரட்டும்.

அதற்காக அப்பாவை வீட்டில் உட்கார்த்திவிடாதீர்கள். அந்த நடை அவருக்கு வேண்டும். அவர் தனியாகப் போவதுதான் வேண்டாம்.

நாளைக் காலை நாலரைக்கு அலாரம் வையுங்கள். எழுந்து திண்ணையில் உட்காருங்கள். அவர் கதவைத் திறந்து வெளியே வரும்போது, “எந்தப் பக்கம் போவீர்கள் அப்பா?” என்று கேட்டுக் கூடவே நடங்கள். பட்டை வாங்குவதைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.