கார்ட்டூன் போட்டுப் பிழைக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்துவிட்டு காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கார்ட்டூனிஸ்ட் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. முறையாக ஓவியம் படிக்கவில்லை. "படம் போட்டா சோறு கிடைக்கும்?" என்கிறார் அப்பச்சி. சென்னைக்குப் போனால்தான் வழி பிறக்குமா? ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன்.

ம., பள்ளத்தூர்

அன்புள்ள ம.,

படிப்புக் கவலையை விடுங்கள். புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமணனுக்கே பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி இடம் தரவில்லை. மைசூரில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டே பத்திரிகைகளுக்கு வரைந்தார்.

உங்கள் படங்களில் நான்கு, நாற்காலியைப் பிடித்துத் தொங்கும் அரசியல்வாதி. அதை யாரும் போடலாம். ஐந்தாவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பழைய வீட்டின் பர்மா தேக்குத் தூணை வியாபாரி டேப் பிடித்து அளக்கிறார். அதே தூணில் சாய்ந்து ஆயா வெற்றிலை இடிக்கிறார். பிரித்த வீடுகளின் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்வதைப் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் இது தோன்றும். இதற்காகவே நீங்கள் ஊரில் இருக்க வேண்டும்.

ஆனால் தூணில் 'பாரம்பரியம்', வியாபாரி சட்டையில் 'பணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். 1906-இல் தொடங்கிய 'இந்தியா' இதழில் பாரதி கருத்துப்படத்தோடு விளக்கமும் போட்டார். வாசகருக்கு அது புதிது. இன்று வேண்டாம், அழித்துவிடுங்கள். அளப்பவர் முகத்தில் கொஞ்சம் சங்கடம் தெரிந்தால் போதும். ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரையில் ஒவ்வொரு பூவையும் போட்டிருப்பதும் அதிகம். அச்சில் சுருங்கும்போது நெருங்கிய கோடுகள் அப்பிக்கொள்ளும், செல்போனில் கேட்கவே வேண்டாம். ஆயா காலடியில் நாலு கல் மட்டும் வரையுங்கள்.

சரி, பிழைப்புக்கு வருவோம். கார்ட்டூனிஸ்டை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பத்திரிகைகள் மிகக் குறைவு. பெரும்பாலோர் படத்துக்கு இவ்வளவு என்று வாங்கித்தான் தொடங்குகிறார்கள். அதனால் கடை வேலையை இப்போது விட வேண்டாம். காலையில் பேப்பர் படித்தால் ராத்திரிக்குள் ஒரு கார்ட்டூன் முடிந்திருக்க வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஒரு படம் யாருக்கும் நன்றாக அமைந்துவிடும். நாளைக்கும் தருவாரா என்றுதான் ஆசிரியர் பார்ப்பார். தேறியவற்றில் இருபதை ஒரே பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். ஒருமுறை வெளியிட மட்டுமே அனுமதி என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எப்போது வரும் என்று கேட்கக் கூச்சமே வேண்டாம்.

அப்புறம், கணக்குதான் உங்களுக்குக் கைவந்ததாயிற்றே. படத்துக்கு வரும் காசைத் தனி நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு வருஷம் போகட்டும், அதை அப்பச்சியிடம் காட்டிப் பேசலாம்.