இங்கிலாந்தில் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் குழந்தைகளின் பாதுகாப்பைக் கவுன்சில் எப்படிக் கண்காணிக்கிறது?

பெற்றோருடன் பாதுகாப்பாக இருக்க முடியாத குழந்தையைச் சில வாரங்களோ பல வருடங்களோ இன்னொரு வீட்டில் வைத்து வளர்ப்பதுதான் வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பு. தத்துக் கொடுப்பது வேறு. இங்கிலாந்தில் இதற்கு உள்ளூர் கவுன்சில்தான் (நம்மூர் உள்ளாட்சி மன்றம் போன்றது) பொறுப்பு.

2000-இல் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி லண்டனில் கொடுமைக்குள்ளாகி இறந்தாள். காவல்துறை, மருத்துவமனை, சமூகப் பணியாளர்கள் என எல்லோர் பார்வைக்கும் வந்த குழந்தை. பொறுப்பேற்கத்தான் ஆள் இல்லை. அதனால் 2004-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைகள் சேவை நடத்தும் ஒவ்வொரு கவுன்சிலிலும் இருவரைப் பொறுப்பாக்கியது: ஓர் இயக்குநர், தேர்தலில் வென்ற ஓர் உறுப்பினர். மற்ற உறுப்பினர்கள் ஆய்வுக் குழுவில் அவர்களைக் கேள்வி கேட்கலாம். ஒவ்வொரு குழந்தையின் பராமரிப்புத் திட்டத்தையும் தனி அலுவலர் ஒருவர் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பார். அவருக்கும் பெரும்பாலும் கவுன்சில்தான் சம்பளம் தருகிறது என்பது கொஞ்சம் நெருடல்தான். சரி, பரீட்சை எழுதியவனே தன் விடைத்தாளைத் திருத்த முடியாதே? அதற்குத்தான் ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பு வெளியிலிருந்து வந்து ஆய்வு செய்து தரம் சொல்கிறது.

அப்புறம், கவுன்சில் நினைத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று பலர் நம்புவது தவறு: பெற்றோர் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ வேண்டும், அவசரமென்றால் காவல்துறை மட்டும் 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்கலாம்.