பதினொரு மணிக்கு ஏன் கை நடுங்குகிறது?

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளைமிபிரைடு என்று இரண்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கூடவே பாகற்காய் ஜூஸும் குடிக்கிறீர்கள்; மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கிட்னி விஷயம். அந்தப் பயத்தில்தானே மாத்திரையை விட்டுவிட்டுப் பாகற்காய் ஜூஸுக்கு மாறலாமா என்று கேட்கிறீர்கள்? மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அளவைக் குறைப்போம், மிகவும் மோசமென்றால் நிறுத்துவோம். அதை வைத்துத்தான் வாட்ஸ்அப்பில் கதை கட்டுகிறார்கள். கிட்னியைத் தின்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பாருங்கள், கிட்னியின் நிலை தெரிந்துவிடும்.

பாகற்காய் எலும்பைத் தேய்க்குமா, உடம்புக்குச் சூடா என்று நீங்கள் கேட்டிருப்பதையெல்லாம் விடுங்கள் ஐயா. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, பதினொரு மணி வாக்கில் குப்பென்று வியர்த்துக் கை நடுங்குகிறது, கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடிக்கிறேன் என்று. எனக்கு அதுதான் கவலை.

வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் ஜூஸ், அதன்மேல் கிளைமிபிரைடு, வயிறு நிரம்பிவிட்டதென்று இரண்டே இட்லி. கிளைமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். பாகற்காய்ச் சாறும் தன் பங்குக்குக் கொஞ்சம் இறக்கும். மருந்தை முறிக்கும் என்று பத்தியத்தில் ஒதுக்குகிற காய், இங்கே மருந்தோடு கூட்டுச் சேர்ந்துவிடுகிறது.

அடுத்த முறை வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையா, இன்னொரு முறை. ஏறியதும் சாப்பிட வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரைதான். முறுக்கு, பிஸ்கட் எல்லாம் வேலை செய்ய நேரமாகும்.

பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லி வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டாரென்று அழைத்து வந்துவிடக் கூடாது. கிளைமிபிரைடு நாள் முழுக்க உடம்பில் இருக்கும், மறுபடியும் கவிழ்க்கும்.

மாத்திரைக்குப் பதிலாகப் பாகற்காயா? 2011-இல் வெளிவந்த ஒரு தாய்லாந்து ஆய்வில், நாளுக்கு 2000 மி.கி. பாகற்காய் கேப்ஸ்யூல், 1000 மி.கி. மெட்ஃபார்மின் குறைத்த அளவுக்குக்கூடச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. பிட்லையும் வறுவலும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஜூஸை இன்றோடு விடுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இன்றே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து இந்தப் பதினொரு மணி நடுக்கத்தைச் சொல்லுங்கள். கிளைமிபிரைடின் அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கலாம்.