சிப்பாயின் காகிதம் எரிந்துவிட்டதா?

கேள்வி: என் மருமகள் அமெரிக்கர். அவளுடைய எள்ளுத்தாத்தா 1870களில் அமெரிக்க 7-ஆவது குதிரைப்படையில் சிப்பாய். செவ்விந்தியரோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் உயிர் தப்பியவர் என்று அவர்கள் வீட்டில் பேச்சு. ஆவணங்கள் தீவிபத்தில் போய்விட்டன, வேறு வழியில் தேடித் தருகிறேன் என்று ஒரு தரகர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் பற்றிய தீயில் போனவற்றில் பெரும்பாலானவை, 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகள். 1870களின் சிப்பாய்க்கும் அந்தத் தீக்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய காகிதங்கள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஆனால் ஒரே கோப்பாக இருக்காது. உள்நாட்டுப் போர் போன்ற போர்களுக்காகச் சேர்ந்த தன்னார்வப் படையினருக்குத்தான் ஆளுக்கொரு சேவைக் கோப்பு தொகுத்தார்கள். நிரந்தரப் படைச் சிப்பாய்க்கு அப்படி எதுவும் தொகுக்கவில்லை. ‘கோப்பு இல்லை’ என்று பதில் வந்தால் அதற்கு இதுதான் பொருள். இந்த ஒரு வரியைப் பதில் கடிதத்திலேயே சேர்த்து எழுதினால் எத்தனையோ குடும்பங்கள் தேடலைப் பாதியில் விடாமல் இருந்திருக்கும்.

முதலில் ஆள்சேர்ப்புப் பதிவேடு (1798–1914). ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாகவே பார்க்கலாம். வயது, பிறந்த ஊர், தொழில், கண் நிறம், உயரம், ரெஜிமென்ட், கம்பெனி, விலகிய விவரம் எல்லாம் இதில் உண்டு. ஒரு ஆளுக்கான வரி இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கம் வரை ஓடும். தரகர்கள் பாதியை மட்டும் அச்செடுத்து விற்பார்கள். விலகல் பற்றிய குறிப்பு மற்றப் பாதியில் கிடக்கும்.

ரெஜிமென்ட்டின் உட்பிரிவான கம்பெனிக்கு ஓர் எழுத்துதான் பெயர். அந்த எழுத்து கிடைத்தால் வீட்டுப் பேச்சைச் சோதித்துவிடலாம். 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்னில் படைத்தலைவர் கஸ்டருடன் போன சி, இ, எஃப், ஐ, எல் கம்பெனிக்காரர்கள் மாண்டார்கள். அந்தக் கம்பெனிகளிலும் மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளோடு பின்னால் வந்தவர்களும், வேறு பணிக்குப் போயிருந்தவர்களும் பிழைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதிய மஸ்டர் ரோலில் (கம்பெனியின் ஆள்கணக்குப் பட்டியல்) 1876 ஜூன் 30 தேதியிட்டதைக் கேளுங்கள். அவர் எங்கே இருந்தார் என்பதை அதுதான் சொல்லும்.

பெயரே கிடைக்கவில்லையா? பொய்ப் பெயரில் சேர்ந்திருக்கலாம். இது அபூர்வமல்ல. 21 வயது ஆகாதவன், மனைவியை விட்டு ஓடியவன், ஒருமுறை பட்டாளத்தை விட்டு ஓடி மறுபடி வந்தவன் எல்லாம் இப்படிச் சேர்ந்தார்கள். ஜெர்மானியர், ஐரிஷ்காரர் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதும் உண்டு. அப்போது தலைகீழாக வாருங்கள். வீட்டில் வழங்கிய பெயரைப் பென்ஷன் அட்டவணையில் தேடுங்கள். அதில் ஆளுக்கொரு அட்டை இருக்கும். இரண்டு பெயர் இருந்தால் அட்டையில் அதையும் குறித்திருப்பார்கள். பட்டாளத்துப் பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு பதிவேட்டுக்குத் திரும்புங்கள்.

பென்ஷன் கோப்புதான் பொக்கிஷம். 1917 மார்ச் 4 சட்டப்படி, 1859 முதல் 1891 வரையிலான செவ்விந்தியப் போர்களில் 30 நாளாவது பணியாற்றி 62 வயதைத் தொட்டவருக்கு மாதம் 20 டாலர், விதவைக்கு 12 டாலர் கிடைத்தது. கோரும்போது முழுக் கோப்பையும் கேளுங்கள். தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் போதாது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கூட இருந்த சிப்பாய்கள் கொடுத்த வாக்குமூலங்கள் முழுக் கோப்பில்தான் இருக்கும்.