பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா?

கேள்வி: அம்மா, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட, தேர்வு விதிமுறை). பிளஸ் டூ கணக்கில் 88 எடுத்தேன். இங்கே முதல் செமஸ்டர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ பாடத்தில் முதல் இன்டர்னல் தேர்வில் 60-க்கு 14. “முதல் இரண்டு யூனிட் பார்த்துக்கொள், பாஸ் ஆகிவிடலாம்” என்கிறார்கள் சீனியர்கள். இந்தப் பாடத்துக்கு என்னதான் தெரிந்திருக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், அரியலூர் மாவட்டம்

பதில்: முதலில் சீனியர்கள் சொன்னதைக் கூட்டிப் பார்த்துவிடலாம். உன் 2021 ரெகுலேஷன்படி, 100 மதிப்பெண் செமஸ்டர் தாளில் யூனிட்டுக்கு இரண்டு சின்னக் கேள்வி, தலா 2 மதிப்பெண். ஒரு பெரிய கேள்வி, 16 மதிப்பெண். ஆக ஒரு யூனிட்டுக்கு 20. இரண்டு யூனிட்டையும் ஒரு பிழையில்லாமல் எழுதினாலும் 40 தான். செமஸ்டர் தாளில் மட்டும் 45 வேண்டும், இன்டர்னலையும் சேர்த்து மொத்தம் 50 வேண்டும். இன்டர்னலில் 40-க்கு 30 வைத்திருந்தாலும் அந்த 45-க்கு விலக்கு கிடையாது. தாளின் 100-ஐ 60 ஆகச் சுருக்கித்தான் இன்டர்னலின் 40-உடன் கூட்டுவார்கள்; அதனால் இன்டர்னலில் 20 தான் இருக்கிறது என்றால் தாளில் 50 எடுக்க வேண்டும். ஐந்து யூனிட்டில் அணிகள் (மேட்ரிசஸ்) ஒன்றுதான், மீதி நான்கும் கால்குலஸ், அதாவது வகையிடலும் தொகையிடலும். அதை ஒதுக்கிவிட்டுப் பாஸ் பண்ண வழியில்லை.

சரி, என்ன தெரிந்திருக்க வேண்டும்? உனக்குச் சொல்லித்தராத ஏதோ ஒன்று என்று நினைத்துப் பயப்படாதே. முப்பது வருஷம் முதலாண்டு மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தியவள் நான். கால்குலஸில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் விழுந்த இடம் இயற்கணிதம். ஒரு பையன் தொகையிடல் கணக்கு ஒன்றை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். சூத்திரம் சரி, பிரதியிட்டதும் சரி. மூன்றாவது வரியில், எக்ஸ் ஸ்கொயரையும் 9-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டிய இடத்தில், எக்ஸ் கூட்டல் 3 என்று எழுதிவிட்டான். அதற்குக் கீழே இருந்த அத்தனை உழைப்பும் வீண். அவனைக் கூப்பிட்டு, எக்ஸுக்கு 4 போடச் சொன்னேன். 16-ம் 9-ம் 25, வர்க்கமூலம் 5. அவன் எழுதியபடி பார்த்தால் 7. தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். சந்தேகம் வந்தால் ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை இன்றே பிடித்துக்கொள். பின்னங்கள், அடுக்குகள், காரணிப்படுத்தல், முக்கோணவியல் முற்றொருமைகள் இவ்வளவும் யோசிக்காமல் கையில் வர வேண்டும்.

அடுத்தது பிளஸ் ஒன் புத்தகம். பல பள்ளிகளில் அதை வேகமாகத் தள்ளிவிட்டுப் பிளஸ் டூ பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த அவசரத்துக்குப் பிள்ளைகள் முதல் செமஸ்டரில்தான் விலை கொடுக்கிறார்கள். இதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. இரண்டாம் தொகுதியில் 9, 10, 11-ஆம் இயல்களைப் பார்: எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல். உன் இரண்டாவது யூனிட்டும் நான்காவது யூனிட்டின் பாதியும் அங்கேதான் தொடங்குகின்றன. பிளஸ் டூ புத்தகத்தில் 7-ஆம் இயலில் பெருமம், சிறுமம் இருக்கிறது. 8-ஆம் இயலில் பகுதி வகையிடலும் ஆய்லர் தேற்றமும் இருக்கின்றன. உன் மூன்றாவது யூனிட்டுக்கு அதுதான் வாசல்.

தமிழ் வழியில் படித்ததைக் குறையாக நினைக்காதே. நானும் தமிழ் வழிதான். கல்லூரியில் முதல் வாரம் ஆசிரியர் “டிரைவேட்டிவ், டிரைவேட்டிவ்” என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பள்ளியில் போட்ட அதே வகையிடல்தான் அது என்று தெரிய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் சார்பு, அந்தப் பக்கம் ஃபங்ஷன் என்று எழுத ஆரம்பித்தேன். உனக்கு இன்னும் சுலபம். அதே பாடநூலின் ஆங்கில வழிப் பதிப்பை அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ்ப் புத்தகத்தை இடப்பக்கம் வை, அதை வலப்பக்கம் வை. அதே இயல், அதே எடுத்துக்காட்டு. தினமும் மூன்று கணக்கு, விடையை மூடிவைத்துப் போடு.

ஐந்தாவது யூனிட்டின் இரட்டைத் தொகையிடல் உனக்கு முற்றிலும் புதிது. அதற்குப் படம் வரையப் பழகு. ஒய் எக்ஸிலிருந்து 1 வரை, எக்ஸ் பூஜ்யத்திலிருந்து 1 வரை என்று ஒரு கணக்கு வந்தால், ஒய் சமம் எக்ஸ் என்ற சாய்கோட்டையும் ஒய் சமம் 1 என்ற படுக்கைக்கோட்டையும் போடு. ஒய் அச்சோடு சேர்ந்து ஒரு முக்கோணம் கிடைக்கும். தொகையிடும் வரிசையை மாற்று என்றால் முக்கோணத்துக்குள் நிற்கிற பட்டையைப் படுக்க வைப்பதுதான்: இப்போது எக்ஸ் பூஜ்யத்திலிருந்து ஒய் வரை, ஒய் பூஜ்யத்திலிருந்து 1 வரை. படம் போடாமல் எல்லைகளை இடம் மாற்றி எழுதியவர்கள் யாரும் என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியதில்லை.

கேள்வி: என் மகள் யூடியூபில் கால்குலஸ் வீடியோ பார்க்கும்போது புரிகிறது என்கிறாள். தேர்வில் கை ஓடவில்லையாம். டியூஷன் வைக்கலாமா?
– ஒரு தாய், திருப்பத்தூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவளுக்குப் புரிகிறது என்பது உண்மைதான், கைக்குத்தான் பழக்கமில்லை. கணக்கைச் சொல்லி முடித்ததும் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் அவளே கடைசி வரி வரைக்கும் போடட்டும். முட்டி நிற்கிற வரிக்கு மட்டும் வீடியோவை ஓட்டிப் பார்க்கட்டும். ஒரு மாதம் இப்படிப் போட்டபின்பும் ஒரே மாதிரி வரியில் நின்றால், அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அவளுடைய வகுப்பு ஆசிரியரிடமே போகட்டும். எங்கே நிற்கிறாள் என்று தாளைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.