கோத்தகிரி டயர் கடைக்கு எது சரி: பேட்டரி கன்னா, ஏர் கன்னா?

கேள்வி: கோத்தகிரியில் டயர், பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கார்களும், பச்சைத் தேயிலை, கேரட் ஏற்றும் பிக்கப் வண்டிகளும்தான் அதிகம் வரும். லாரி எப்போதாவது வரும். காற்றடிக்க 2 எச்.பி. கம்ப்ரசர் இருக்கிறது. கம்ப்ரசர் இருக்கும்போது வீல் நட் கழற்ற ஏர் கன்னே போதும், செலவும் குறைவு என்கிறார் அண்ணன். பேட்டரி கன் வாங்கலாமா? நேராக கரன்ட்டில் ஓடுவது எப்படி?

பதில்: பேட்டரி கன் வாங்குங்கள். ஏர் கன்னின் விலை குறைவு என்று அண்ணன் சொல்வது உண்மைதான். ஆனால் அதை ஓட்டும் அளவு காற்று உங்கள் கம்ப்ரசரில் வராது.

அரை இன்ச் ஏர் கன்னுக்கு 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். நிமிடத்துக்கு 4, 5 கன அடி காற்று போதும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது விட்டு விட்டு அடிக்கும்போது வரும் சராசரி. டிரிக்கரை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் அதைப்போல நாலு மடங்கு இழுக்கும். 2 எச்.பி. மெஷின் அதில் பாதிகூடத் தராது. டேங்கில் சேர்ந்த காற்றில் முதல் சில நட்டுகள் சட்டென்று கழன்றுவிடும். அப்புறம் அழுத்தம் இறங்கி, துருப்பிடித்த நட்டின் மேல் கன் தடதடவென்று சத்தம் மட்டும் போடும். டேங்க் நிறையும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையைவிட இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் இழுக்கிற காற்றும் அந்த அளவு குறையும், டேங்க் நிறைய அதிக நேரம் ஆகும். கீழே கோவையில் இருக்கும் கடையில் ஓட்டிக் காட்டினார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஈரத்தையும் யோசியுங்கள். மஞ்சு இறங்கும் மாதங்களில் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து பாருங்கள், பழுப்பு நிறத்தில் தண்ணீர் கொட்டும். அந்தத் தண்ணீர் ஹோஸ் வழியாக கன்னுக்குள் போனால் எண்ணெயைக் கழுவிவிடும், உள்ளே துரு பிடிக்கும். ஏர் கன் வைத்திருப்பவர்கள் தினமும் டேங்க் தண்ணீரை வடிக்க வேண்டும், லைனில் வாட்டர் ஃபில்டர் போட வேண்டும், வேலைக்கு முன் காற்று நுழையும் துளையில் சில சொட்டு எண்ணெய் விட வேண்டும். காற்றடிக்க மட்டும் கம்ப்ரசர் ஓட்டினாலும் தண்ணீரை வடிப்பதை விடாதீர்கள்.

கரன்ட் கன் விலைக்கு மலிவு. ஆனால் ஈரத் தரையில் ஒயர் இழுத்து வேலை செய்வது எனக்குச் சம்மதமில்லை. மழையில் மரம் விழுந்து கரன்ட் போனால் அதுவும் நிற்கும், கம்ப்ரசரும் நிற்கும். சார்ஜ் ஏறிய பேட்டரி கன்னை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவில் நிற்கும் வண்டிக்கே போய்விடலாம்.

கார் வீல் நட்டை இறுக்க 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை போதும். துருப்பிடித்ததைக் கழற்றத்தான் பலம் தேவை. 18 வோல்ட், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், கழற்றும் விசை 600 நியூட்டன் மீட்டருக்கு மேல், 5 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரி இரண்டு என்று பாருங்கள். பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் கழற்றும் விசைதான், இறுக்கும் விசை அதைவிடக் குறைவாக இருக்கும். கன்னின் அடியைத் தாங்கும் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டும் சேர்த்து வாங்குங்கள். பளபளக்கும் கை சாக்கெட் கன் அடிக்கும் வேகத்தில் உடைந்து தெறித்து முகத்தில் படலாம்.

இறுக்கும்போது கன்னை லேசாக மட்டும் விட்டு, விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். கன்னாலேயே முறுக்கினால் நட் ஏறும் போல்ட்டான ஸ்டட் இழுபடும். நடுவழியில் பஞ்சரானால் ஓட்டுநர் தன் வீல் ஸ்பேனரால் நட்டைக் கழற்ற முடியாது. இதில் அவசரம் வேண்டாம், தயவுசெய்து.

லாரிக்கு ஒரு இன்ச் ஏர் கன்னும் பெரிய கம்ப்ரசரும் இன்னும் சரியான ஜோடிதான். எப்போதாவது வரும் ஒன்றுக்கு அந்தச் செலவு தேவையில்லை, கையால் சுற்றும் கியர் ஸ்பேனர் போதும்.

கேள்வி: ஊட்டியில் எனக்கு சின்ன ஒர்க் ஷாப். ஆன்லைனில் 88 வோல்ட் பேட்டரி கன் பாதி விலைக்கு வருகிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். அந்த 88 பெரும்பாலும் ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும். ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட். ஐந்து செல் வரிசையாகச் சேர்ந்தால் 18, முழு சார்ஜில் கிட்டத்தட்ட 21. நல்ல கம்பெனிகள் 18 என்றும் 20 என்றும் விற்பது ஒரே பேட்டரியைத்தான். உண்மையான 88 வோல்ட்டுக்கு இருபதுக்கு மேல் செல் வேண்டும், அது கைப்பிடிக்கு அடியில் அடங்காது.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் பேட்டரியை ஷெட்டில் விடாமல் வீட்டுக்குள் எடுத்துவையுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த செல்லை சார்ஜ் போட்டால் அது நிரந்தரமாகக் கெடும்.

பில்லில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இருக்கட்டும். பேட்டரிக்குத் தனியாக எத்தனை மாதம் வாரன்டி என்று எழுதி வாங்குங்கள். கடைக்காக வாங்கினால் நுகர்வோர் சட்டம் உதவாது என்று சிலர் சொல்வார்கள். 2019 சட்டப்படி, சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கு மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான். விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம்.