52 வயதில் டிமென்ஷியா சந்தேகம்: எந்த டாக்டரைப் பார்ப்பது?

அண்ணனுக்கு 52 வயது, படிக்கச் சிரமப்படுகிறார், கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்கிறார், மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை தந்திருக்கிறார், இனி யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். கண் சரியாக இருந்தும் படிக்க முடியவில்லை என்பதே அந்த டாக்டருக்குப் பெரிய தடயம்.

டிமென்ஷியா என்பது ஞாபகம், சிந்தனை, நடத்தை படிப்படியாகக் குலையும் நோய். 65 வயதுக்குள் தொடங்கும் டிமென்ஷியாவில் மறதிதான் முதலில் வரும் என்றில்லை. டிமென்ஷியாவின் பரவலான வகை அல்சைமர். கண் பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் மூளையின் பின்பகுதியில் அது தொடங்கினால், எத்தனை கண்ணாடி மாற்றினாலும் பயனிருக்காது. எழுத்தைத் தனியாகக் காட்டினால் சொல்வார், வரியாகப் படிக்கச் சொன்னால் தடம் தவறுவார். எதிரே இருக்கும் டம்ளரைத் துழாவுவார். கடிகாரம் வரையச் சொன்னால் எண்கள் ஒரே பக்கம் குவிந்துவிடும். மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கும் எஃப்.டி.டி. (ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா) வகையில் குணம்தான் முதலில் மாறும்: துக்க வீட்டில் சிரிப்பார், இனிப்பைக் கண்டால் நிறுத்தமாட்டார், மனைவி அழுதாலும் கண்டுகொள்ளமாட்டார். இதை மனச்சோர்வு, பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் நோய்) என்று எடுத்துக்கொள்வது சகஜம். மனச்சோர்வு உள்ளவர் பெரும்பாலும் தன் மறதியைத் தானே சொல்லி வருந்துவார். எஃப்.டி.டி. உள்ளவருக்குப் பெரும்பாலும் தன்னிடம் மாற்றம் இருப்பதே தெரியாது. ஆகவே கூட இருப்பவர்கள் எப்போது, எது மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதம் பாதி ஸ்கேனுக்குச் சமம்.

பி12, தைராய்டு, சோடியம், கால்சியம், சிபிலிஸ், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைகளை விடாதீர்கள், சரிசெய்யக்கூடிய காரணங்கள் இவற்றில் தெரியவரும். டிரைஹெக்ஸிஃபெனிடில், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளே ஞாபகத்தைக் குலைக்கும் என்பதால் மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள். ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. இயல்பாக வரலாம். ரிப்போர்ட்டோடு நிற்காமல் படத்தையும் டாக்டர் பார்க்கட்டும். சந்தேகம் தீராவிட்டால் மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாகப் பயன்படுத்துகிறது என்று காட்டும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் உண்டு. சில வாரங்களிலேயே முற்றினாலோ வலிப்பு வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே அட்மிட் செய்யுங்கள். நோய் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சியாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

அல்சைமர் என்று உறுதியானால் டோனெபெசில் என்ற ஞாபகத்துக்கான மாத்திரையை 5 மி.கி.யில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் 4 முதல் 6 வாரத்துக்குப் பிறகு 10 ஆக்குவார்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் முன்பே ஈ.சி.ஜி. கேளுங்கள். எஃப்.டி.டி.க்கு இது உதவாது, சிலருக்குக் கொந்தளிப்பைக் கூட்டும். எந்த வகை என்று தெரியாமல் தொடங்கக் கூடாது என்று வற்புறுத்துவது இதனால்தான்.

வேலையை அவசரப்பட்டு ராஜினாமா செய்ய விடாதீர்கள். அரசு வேலை என்றால், பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்டவரை நீக்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அவர் முடிவெடுக்கும் திறனை இழந்தபின் அது செல்லாது, உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலர் மனுப் போட வேண்டிவரும். உயில், நாமினி, கூட்டுக் கணக்கு எல்லாவற்றையும் அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் சொல்படியே முடித்துவிடுங்கள்.